எந்த மண்? எந்த வகை?

கிழங்கைப் பற்றி எழுதுவதற்கா இந்த இடம், நாட்டில் பேசவேண்டிய பிரச்சினைகள் அத்தனையும் தீர்ந்துபோய்விட்டனவா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். ஏழை வீட்டு அடுப்பில் என்ன வேகிறது, வெந்தது உடலில் என்னவாகிறது என்பதைவிடப் பெரிய அரசியல் எது என்று அவர்களைத் திருப்பிக் கேட்டுவிட்டு, நாம் கிழங்குக்கு வருவோம்.

முதலில் ஒரு கணக்கு. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. உலை பொங்காத வீட்டின் கதையல்ல இது. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. பள்ளியிலே பிள்ளைக்குச் சோறு கிடைக்கிறது. வயிறு நிறைகிறது, இரத்தம் நிறையவில்லை! பசி என்று வாய்விட்டுக் கதறத் தெரியாத பசி இது. நகக்கண்ணிலே வெளுப்பாக, கண்ணிமையின் உட்புறத்திலே சோகையாக, தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கும்போது தலைச்சுற்றலாக வந்து நிற்கும் பசி. இரும்பும் துத்தநாகமும் சுண்ணாம்புச் சத்தும் போதவில்லை என்று உடல் போடுகிற கூக்குரல் அது.

"சத்துள்ளதாகச் சாப்பிடு" என்கிறார் மருத்துவர். "கீரை சாப்பிடு, பயறு சாப்பிடு, கிழங்கு சாப்பிடு" என்கிறது சுவரொட்டி. நல்லது, சாப்பிடலாம். ஆனால் எந்தக் கிழங்கு? எந்த ஊர் மண்ணில் விளைந்த கிழங்கு?

இந்தக் கேள்வியின் அருமையைக் காஞ்சிபுரத்துத் தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 'பட்டு' என்று மட்டும் சொல்லி ஒரு நெசவாளியிடம் நூலை நீட்டிப் பாருங்கள். கையில் வாங்கிய மறுகணமே கேள்விகள் புறப்படும். எந்த ஊர் நூல்? எத்தனை இழை முறுக்கு? பாவுக்கா, ஊடைக்கா? சரிகை என்று நீட்டினால், அசல் சரிகையா, டெஸ்டட் சரிகையா, வெள்ளி எவ்வளவு என்று கேட்பார். சோதித்துப் பாராமல் சரிகையை நம்புகிற தறிக்காரர் இந்த ஊரிலே இல்லை. ஊரும் வகையும் தெரியாமல் பொருளின் தரத்தைச் சொல்ல முடியாது என்பதை உலகுக்கே எடுத்துக்காட்டிய ஊர் இது. அதனாலன்றோ 2005-06 ஆம் ஆண்டிலே காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது! உடுத்துகிற பொருளுக்கு இத்தனை கேள்வி கேட்கிறோம். உண்ணுகிற பொருளுக்கு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ராஜாஜி மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் கிழங்கு கேரளத்திலிருந்து வந்ததா, ஆந்திரத்திலிருந்து வந்ததா, நெல்லைச் சீமையிலிருந்து வந்ததா? என்ன வகை? விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. 'கிலோ என்ன விலை?' என்ற ஒன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. கிழங்கு என்ற ஒரு சொல்லுக்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது. கருணையும் பிடிகருணையும் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெருவள்ளி, சிறுவள்ளி, காய்வள்ளி ஆகியவை கொடியாகப் படரும் வேறு குடும்பம். நாம் குச்சிக்கிழங்கு என்று அழைக்கும் மரவள்ளியும், சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியவை. வள்ளி என்ற பெயரை மட்டும் பகிர்ந்துகொண்ட அயலார்! கருணையிலே உள்ளதை வள்ளிக்கும், வள்ளியிலே உள்ளதை மரவள்ளிக்கும் ஏற்றிச் சொல்வது, பருத்திக்குப் பட்டு விலை கேட்பது போன்றது.

ஒரே இனமான பெருவள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கதை எளிதாக முடியவில்லை. எண்களைப் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியல், 100 கிராம் பச்சை வள்ளிக்கிழங்கில் இரும்பு ஏறக்குறைய அரை மில்லிகிராம் என்கிறது. நம் நாட்டுக் கணக்கோ வேறு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்ற இடத்தில் 1963 முதல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. 2020 அக்டோபர் 16 ஆம் நாள், உலக உணவு நாளன்று, சத்து கூட்டப்பட்ட 17 பயிர் வகைகள் நாட்டுக்கு அளிக்கப்பட்டன. அவற்றிலே இரண்டு பெருவள்ளி: ஒன்று ஸ்ரீ நீலிமா, மற்றொன்று டி.ஏ. 340. இவற்றைப் பற்றி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தந்த கணக்கு இது. வழக்கமாகப் பயிரிடப்படும் பெருவள்ளி வகைகளில் பத்து லட்சம் பங்குக்கு இரும்பு 70 முதல் 120 பங்கு, டி.ஏ. 340-ல் 136. துத்தநாகம் வழக்கமான வகைகளில் 22 முதல் 32. ஸ்ரீ நீலிமாவில் ஏறக்குறைய 50. சுண்ணாம்புச் சத்து வழக்கமான வகைகளில் 800 முதல் 1,200; டி.ஏ. 340-ல் 1,890.

புதிய வகைகளின் பெருமை ஒருபுறம் இருக்கட்டும். பழைய வகைகளின் எண்களைக் கவனியுங்கள். 70 முதல் 120! ஒரே பெயர், ஒரே சந்தை, ஒரே விலை. ஆனால் ஒருவர் வாங்கிய கிழங்கில் உள்ள இரும்பைவிட இன்னொருவர் வாங்கியதில் ஒன்றே முக்கால் மடங்குக்கு நெருங்கிய இரும்பு!

இந்த எண்களை ஈரம் போக்கிய மாவின் கணக்காகவே எடுத்துக்கொள்வோம். கிழங்கில் பத்தில் ஏழு பங்கு நீர் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் பச்சைக் கிழங்கில் 2 மில்லிகிராமுக்குச் சற்று மேலிருந்து மூன்றரை மில்லிகிராம் வரை இரும்பு வருகிறது. அமெரிக்கப் பட்டியல் சொல்லும் அரை மில்லிகிராமைப் போல நான்கு மடங்கு, ஏழு மடங்கு! வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வரையறுத்தது. அப்படியானால் 100 கிராம் கிழங்கு அந்தத் தேவையில் அறுபதில் ஒரு பங்கைத் தருகிறதா, எட்டில் ஒரு பங்கைத் தருகிறதா? முதலாவது ஒரு பொருட்டே அல்ல. இரண்டாவது ஒரு குடும்பம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவு. ஒரே பெயருள்ள கிழங்குக்கு இவ்வளவு தொலைவு!

எது மெய், எது பொய் என்று அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம். இரண்டும் மெய்யாக இருக்கலாம். ஒவ்வொரு பட்டியலும் தான் சோதித்த கிழங்கைப் பற்றி, அது விளைந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறது. சோதிக்கும் முறையிலும் சூட்சுமம் உண்டு. பச்சைக் கிழங்கின் கணக்கையும் உலர்ந்த மாவின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், இல்லாத வித்தியாசம் மும்மடங்காகத் தெரியும். தோலில் ஒட்டிய செம்மண்ணைச் சரியாகக் கழுவாவிட்டால், மண்ணின் இரும்பு கிழங்கின் கணக்கிலே ஏறிவிடும். எண்ணைக் கண்டதும் கைதட்டுவது பகுத்தறிவு ஆகாது. எதை அளந்தாய், எப்படி அளந்தாய், எங்கே விளைந்ததை அளந்தாய் என்று கேட்பதே பகுத்தறிவு.

மண்ணுக்கு அப்படி என்ன வல்லமை என்று பார்ப்போம். கிழங்கு எதையும் தானாகப் படைப்பதில்லை. மாவுப் பொருளை இலை சமைத்து அனுப்புகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் எந்த இலையும் சமைக்க முடியாது. அவை மண்ணிலே இருந்தால்தான் உண்டு. மண்ணிலே இருந்தால் மட்டும் போதாது, வேர் எடுத்துக்கொள்ளும் வடிவிலே இருக்க வேண்டும். சுண்ணாம்பும் காரமும் மிகுந்த நிலத்தில் இரும்பும் துத்தநாகமும் பூட்டிய பெட்டியிலே இருக்கும் பணம் போல. கண்ணுக்கு உண்டு, கைக்கு இல்லை. குமரியிலும் கேரளத்திலும் உள்ள புளிப்பான செம்பாறை மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓயாத மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால், பயிர் துத்தநாகத்தை எடுப்பது குறைகிறது. ஆண்டெல்லாம் நீர் தேங்கும் நெல் வயலில் துத்தநாகம் எட்டாப் பொருளாகிறது. ஏரிக்கரைக் களிமண், ஆற்றோரத்து மணற்பாங்கு நிலம், மேட்டுச் செம்மண் என்று மூன்று வகை நிலம் அருகருகே இருந்தால், ஒரே விதைக்கிழங்கு மூன்றிலும் மூன்று வகைச் சத்தோடு வெளிவரலாம். கோடையிலே ஏரி வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் கொட்டிய நம் பெரியவர்கள் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர்; அனுபவத்தில் அறிந்தவர்கள்.

சரி, மண்தான் எல்லாமா? அதுவும் இல்லை. வகைக்கும் தனிக் குணம் உண்டு. ஒன்று வேரை ஆழமாக விடும், மற்றொன்று மேலோடு நிற்கும். ஒன்று ஆறு மாதத்தில் முதிரும், மற்றொன்று பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கும். ஒன்று கொழுத்துப் பருத்து எடையிலே மயக்கும். மற்றொன்று சிறுத்திருந்தாலும் சத்தைச் செறிவாகச் சேர்க்கும். இயற்கையின் எல்லையும் உண்டு. பொட்டாசியம் செடிக்குள் எங்கும் எளிதாகச் செல்லும்; இலையிலிருந்து கிழங்குக்கு இறங்கவும் செய்யும். அதனால்தான் 100 கிராம் வள்ளிக்கிழங்கில் பொட்டாசியம் 800 மில்லிகிராமுக்கு மேல் என்று அமெரிக்கப் பட்டியல் சொல்கிறது. சுண்ணாம்புச் சத்தோ நீரோடு மேலே ஏறி இலையில் தங்கிவிடும். கீழே இறங்க மறுக்கும். ஆகவே எத்தனை நல்ல மண்ணானாலும் கிழங்கிலே சுண்ணாம்புச் சத்து குறைவாகவே சேரும்.

நெசவாளத் தோழர்களின் மொழியிலே சொல்வதானால், வகை பாவு, மண் ஊடை. பாவு மட்டும் சேலை ஆவதில்லை, ஊடை மட்டும் சேலை ஆவதில்லை. ஓரிடத்திலே முதல் பரிசு வாங்கிய வகை, வேறிடத்திலே கடைசியிலே நிற்கலாம். ஆகவே பல வகைகளைப் பல இடங்களில் பயிரிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதித்தாலொழிய உண்மை வெளிவராது. எல்லாம் பிறவியின் குணம் என்பாரும், எல்லாம் வளர்ப்பின் குணம் என்பாரும் இந்தக் கிழங்கிடம் பாடம் கேட்கலாம். நல்ல விதையைக் களர் நிலத்திலே புதைத்துவிட்டு, விளையாதபோது 'இதன் பிறவியே இவ்வளவுதான்' என்று தீர்ப்புக் கூறியவர்களை நாம் பார்க்காதவர்களா? முதலில் மண்ணைச் சோதி, பிறகு விதையைப் பழி!

இந்த அறிவு நமக்குப் புதிதுமல்ல. பாரியின் பறம்பு மலையைப் பாடவந்த கபிலர், உழவர் உழாமலே அந்த மலை தரும் பொருள் நான்கு என்று எண்ணிச் சொன்னதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. மூங்கில் நெல், பலா, தேன் இவற்றோடு வள்ளிக்கிழங்கும் அந்த நான்கிலே ஒன்று. மூவேந்தர் முற்றுகையிட்ட மலைக்குச் சோறாக நின்றது கிழங்கு! இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிக்கார மக்களும் பளியரும் காட்டு வள்ளிகளைத் தோண்டி உண்கிறார்கள். தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரித் தாவரவியல் அறிஞர்கள் அந்தக் கிழங்குகளைச் சோதித்து, தாதுப் பொருள்களும் நச்சுப் பொருள்களும் வகைக்கு வகை மாறுவதையும், வேகவைப்பதால் நச்சு குறைவதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கொடியின் கிழங்கு எந்தப் பக்குவத்தில் உணவாகும் என்று காட்டு மக்கள் பெயர் சொல்லிப் பிரித்து அறிகிறார்கள். நகரத்து அங்காடியில் நாம் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிட்டோம்!

மண்ணின் குறை மனிதனின் நோயாக மாறும் என்பதற்கு உலகம் சாட்சி சொல்கிறது. சீனத்தில் கெஷான் என்ற வட்டாரத்திலே 1935-ல் இதயத் தசையைத் தாக்கும் கொடிய நோய் பரவியது. அந்த ஊரின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. அந்த மண்ணில் செலினியம் என்ற தாது மிகக் குறைவு. அங்கே விளைந்ததையே உண்டு வாழ்ந்த உழவர் குடும்பங்களின் உடலிலும் அது குறைவு என்று பின்னர் கண்டறிந்தார்கள். பின்லாந்து நாட்டிலும் மண்ணில் செலினியம் குறைவு. அந்த நாட்டு அரசு 1984-ல் ஒரு முடிவெடுத்தது. ஊராருக்கெல்லாம் மாத்திரை கொடுத்துக்கொண்டிராமல், வயலுக்குப் போடும் உரத்திலேயே செலினியத்தைக் கலக்கச் செய்தது. மண் தேறியது, பயிர் தேறியது, மக்களின் உடலிலும் அளவு ஏறியது. உலகில் விளையும் வள்ளிக்கிழங்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை விளைவிக்கும் நைஜீரியாவில், வேளைக்கு வேளை கிழங்கையே உணவாகக் கொள்பவர் பலர். அவர்களுக்கு எந்த மண், எந்த வகை என்பது வாழ்வுக்கேற்ற கேள்வி.

"நாம் கிழங்கையா சோறாக உண்கிறோம்? வாரத்துக்கு ஒருநாள் வறுவல், ஒருநாள் மசியல். இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிழங்கு மட்டும் இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கருணையிலே ஊசி முனை போன்ற ஆக்சலேட் துகள்கள் உண்டு. நாக்கை அரிப்பது அதுதான். புளியிலும் மோரிலும் அரிசி கழுவிய நீரிலும் வேகவைக்கும் வழக்கம் அந்த அரிப்பை அடக்குவதற்காகத்தான். அந்த ஆக்சலேட்டோடு பிணைந்த சுண்ணாம்புச் சத்து பட்டியலில் ஏறும், உடலில் ஏறாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பொட்டாசியம் மிகுந்த கிழங்கு தீங்கு செய்யக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. ஊதாக் கிழங்கு உண்டால் உலகத்து நோயெல்லாம் ஓடிவிடும் என்று விளம்பரம் செய்து இரட்டை விலை பறிப்பவனிடம், 'சோதனைச் சீட்டைக் காட்டு' என்று கேளுங்கள். அன்று தாயத்து விற்றவன் இன்று தாது விற்கிறான்!

ஆனால் கிழங்கு இங்கே சாட்சி; வழக்கு சோற்றினுடையது. கிழங்குக்குப் பொருந்தும் விதி நெல்லுக்கும் பயறுக்கும் கீரைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் சோதித்த மண் மாதிரிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் துத்தநாகம் போதவில்லை என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நுண்ணூட்ட ஆய்வு சொல்கிறது. அந்த மண்ணின் அரிசியைத்தானே நாம் மூன்று வேளையும் உண்கிறோம்! இங்கேயும் வகையின் வலிமை தெரிகிறது. துத்தநாகம் மிகுந்த 'டி.ஆர்.ஆர். தான் 45' என்ற நெல் வகை 2016-லேயே வெளியாகியிருக்கிறது. வழி இருக்கிறது. அந்த வழி நம் வயலுக்கும் உலைக்கும் வந்துசேர வேண்டும்.

அளப்பதற்கு ஆளில்லை என்று சொல்லவும் முடியாது. இந்திய உணவுகளின் சத்தைப் பட்டியலிட்ட வேலை தொடங்கியதே நம் மண்ணில்தான். 1918-ல் குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து 1937-ல் அய்க்ராய்டின் பட்டியல் வந்தது. அந்த நிலையம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று. 1971-ல் கோபாலன் முதலானோரின் பட்டியல் வந்தது. 2017-ல் 528 உணவுகளை, நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து மாதிரி எடுத்துச் சோதித்த பெரும் பட்டியல் வந்தது. பெரிய உழைப்பு, வணங்குகிறோம். ஆனால் ஒரு வட்டாரம் என்பது நாலைந்து மாநிலம். காஞ்சிபுரத்துத் தாய்க்கு அது எட்டுமா? குமரிச் செம்மண்ணையும் பாலாற்று மணலையும் ஒரே சராசரிக்குள் அடைத்துவிட்டால், சராசரி வாழும். தாய் சோகையிலேயே இருப்பாள்!

ஆகவே கேட்கிறோம். மாவட்டந்தோறும் விளையும் உணவுப் பொருள்களை வகைவாரியாகச் சோதித்து, எல்லோருக்கும் விளங்கும் தமிழில் ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலே கிழங்குப் பயிர் ஆராய்ச்சிக்கென்றே மையம் இருக்கிறது. பணியைத் தொடங்கத் தடையென்ன? விதைக்கிழங்கு விற்பவர் வகையின் பெயரைச் சொல்லி விற்க வேண்டும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டையில் இரும்பு, துத்தநாகம் உட்பட 12 விவரங்கள் உண்டு. அட்டையைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று இராமல், குறையைத் தீர்க்கும் நுண்ணூட்ட உரமும் உழவர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். கொள்முதல் செய்வோர் எடைக்கு மட்டும் விலை கொடுத்தால், உழவர் எடையைத்தான் விளைவிப்பார். சத்துக்கும் விலை வைத்துப் பாருங்கள், சத்தை விளைவிப்பார்! 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று பிள்ளைகளின் பசிக்கு விடை கண்ட நாடு இது. அந்தத் தட்டிலே விழும் அரிசியும் பயறும் கிழங்கும் எந்த மண்ணிலே விளைந்தவை, என்ன சத்துள்ளவை என்று பார்த்து வாங்கும் ஏற்பாடு அடுத்த படியாக வரட்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை, தோழர்களே! உங்கள் ஊர் உழவரிடம் மண்வள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதைப் படிப்பகத்திலே எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால், மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி கொண்டுபோக அவருக்குத் துணை நில்லுங்கள். உங்கள் வட்டாரத்துப் பெரியவர்களிடம் பழைய கிழங்கு வகைகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்; பெயர் மறைந்தால் வகையும் மறையும். ஒரே பண்டத்தை ஓயாமல் உண்ணாமல், கிழங்கு, பயறு, கீரை, முட்டை, மீன் என்று கைக்கு எட்டியவரை மாற்றி மாற்றி உண்ணும்படி வீட்டிலே சொல்லுங்கள். ஒரு மண்ணின் குறையை மற்றொரு மண்ணின் நிறைவு ஓரளவு ஈடுசெய்யும். இரத்தசோகை என்று மருத்துவர் சொன்னால், அவர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை ஒதுக்கிவிடாமல் உண்ணச் செய்யுங்கள்.

நாளை அங்காடிக்குப் போகும்போது விலையோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்த மண்? எந்த வகை? கடைக்காரர் முதலில் சிரிப்பார், சிரிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் மண்டிக்காரரைக் கேட்பார். நூறு பேர் கேட்டால் மண்டிக்காரர் உழவரைக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் சர்க்கார் பதில் சொல்லியே தீர வேண்டும். சரிகையிலே வெள்ளி எவ்வளவு என்று கேட்டு வாங்கப் பழகிய ஊர், தன் பிள்ளைகளின் சோற்றிலே இரும்பு எவ்வளவு என்று கேட்கத் தயங்கலாமா?